பன்னிரண்டு கோத்திரங்கள் எங்கே போயின?

தமிழ் பைபிளில் 'கோத்திரம்' என்ற சொல்லைப் பார்க்கும்போது நமக்கு ஒரு சின்னக் குழப்பம் வரும். நம் ஊரில் கோத்திரம் பார்க்கிறவர்கள் வீட்டில், கல்யாணப் பேச்சு எடுத்ததும் முதலில் விசாரிப்பது அதைத்தான். பையனும் பெண்ணும் ஒரே கோத்திரம் என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பைபிளில் இஸ்ரவேலரின் மூதாதையான யாக்கோபின் பிள்ளைகளுடைய கோத்திரம் அப்படியில்லை. உள்ளுக்குள்ளேயே பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். சில பெண்கள் உள்ளுக்குள்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு சட்டமே இருந்தது. கத்தோலிக்கர்களின் திருவிவிலியம் 'குலம்' என்று போடுகிறது. அதிலும் இந்தக் குழப்பம் முழுதாகத் தீர்வதில்லை. அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று பார்த்தால், மொத்தக் கதையின் நுனியும் கைக்கு வந்துவிடும்.

மனாசே கோத்திரத்தில் செலொப்பியாத் என்று ஒருவர். ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோனார். ஐந்து பெண்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். ஐந்து பேரும் மோசேயிடம் போய் நின்று, மகன் இல்லை என்பதற்காக எங்கள் அப்பா பேர் அழிந்துபோக வேண்டுமா, எங்களுக்கும் காணி கொடுங்கள் என்று கேட்டார்கள். கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. அப்புறம் அந்தக் கோத்திரத்துப் பெரியவர்களுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. நாளைக்கு இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் வாக்கப்பட்டுப் போனால் நிலமும் கூடவே போய்விடுமே! அதற்கும் ஒரு தீர்ப்பு வந்தது. தங்களுக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொள்ளட்டும், ஆனால் தகப்பன் கோத்திரத்துக்குள்ளேயே. ஐவரும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளைக் கட்டிக்கொண்டார்கள். நமக்கு அது அண்ணன் தம்பி முறை. கேட்கவே கூச்சமாக இருக்கும். அவர்களுக்கு நிலம் கைமாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

அங்கே கோத்திரம் என்றால் முதலில் காணி, அப்புறம்தான் ரத்தம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போனால், பன்னிரண்டில் காணாமல் போனதாகச் சொல்லப்படும் பத்துக் கோத்திரத்தார் ஏன் காணாமல் போனார்கள் என்பது பாதி விளங்கிவிடும்.

பன்னிரண்டு என்ற கணக்கு

யாக்கோபுக்கு இன்னொரு பெயர் இஸ்ரவேல். மனைவிகள் இருவர், அக்காவும் தங்கையும். அக்கா லேயாளுக்கு ரூபன், சிமியோன், லேவி, யூதா, இசக்கார், செபுலோன் என்று ஆறு பிள்ளைகள். தங்கை ராகேலுக்கு யோசேப்பு, பென்யமீன். ராகேலின் பணிப்பெண் பில்காளுக்குத் தாண், நப்தலி. லேயாளின் பணிப்பெண் சில்பாளுக்குக் காத், ஆசேர். பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு கோத்திரங்களுக்கு மூதாதைகள்.

இதுவரை சரி. நிலம் பங்கு வைக்கும்போது கணக்கு மாறுகிறது. யோசேப்பின் பெயரில் பங்கு இல்லை. அவருடைய இரு மகன்கள் எப்பிராயீம், மனாசே பெயரில் இரண்டு பங்கு. ஆக பதின்மூன்று. ஆனால் லேவிக்கு நிலமே கிடையாது. வழிபாட்டு வேலை அவர்களுடையது என்பதால், மற்றக் கோத்திரங்களின் காணிக்குள் சிதறிக் கிடந்த 48 ஊர்களும், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கும்தான் அவர்களுக்கு. ஆட்களை எண்ணினால் பதின்மூன்று, காணிகளை எண்ணினால் பன்னிரண்டு. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் பன்னிரண்டு வரவேண்டும் என்பதில் மட்டும் அவர்கள் பிடிவாதமாக இருந்திருக்கிறார்கள். நிலமில்லாத இந்த லேவியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வம்சாவளியா, வரைபடமா?

பைபிளுக்கு வெளியே இஸ்ரவேல் என்ற பெயர் முதன்முதலில் தென்படுவது ஓர் எகிப்தியக் கல்லில். மெர்நெப்தா என்ற பாரோ ஏறக்குறைய கி.மு. 1208இல் தன் வெற்றிகளைச் செதுக்கி வைத்த கல் அது. 1896இல் பிளிண்டர்ஸ் பெட்ரி தீப்ஸில் கண்டெடுத்தார். இஸ்ரவேல் பாழானது, அதன் வித்து இல்லை என்று அதில் ஒரு வரி. மன்னர்கள் பீற்றிக்கொள்வது எந்த ஊரிலும் புதிதல்ல, விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது வேறு. எகிப்திய எழுத்தில் ஒரு பெயருக்குப் பக்கத்தில், அது ஊரா, நாடா, ஆட்களா என்று காட்ட ஒரு குறி போடுவார்கள். பக்கத்திலுள்ள நகரங்களுக்கு ஊர்க்குறி இருக்கிறது. இஸ்ரவேலுக்கு மட்டும் மக்கள் குறி. அன்றைக்கு அது ஒரு மக்கள் கூட்டம், அவ்வளவுதான்.

ஏறக்குறைய அதே காலத்தில் யோர்தான் நதிக்கு மேற்கே உள்ள மலைப்பகுதியில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கிராமங்கள் புதிதாக முளைத்ததைத் தொல்லியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். அங்கே கிடைத்த மண்பாண்டங்கள், அந்த நாட்டில் முன்பிருந்தே வாழ்ந்த கானானியருடைய பாண்டங்களின் தொடர்ச்சியாகவே இருக்கின்றன. அதனால் அந்த மலைவாசிகளில் பெரும்பாலோர் அந்த மண்ணிலேயே இருந்தவர்கள் என்பது இன்று பல அறிஞர்களின் கருத்து. ஒரே அப்பாவுக்குப் பிறந்த பன்னிரண்டு பேர் பெருகி நாடானார்கள் என்பதைவிட, பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் இருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து, நாம் எல்லாரும் அண்ணன் தம்பிகள் என்று சொல்லிக்கொண்டார்கள் என்பதே எனக்கும் நம்பும்படியாக இருக்கிறது.

இதற்குக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சான்று ஒன்று உண்டு. இஸ்ரவேலர் பிற்காலத்தில் வடக்கு, தெற்கு என்று இரண்டு நாடாகப் பிரிந்தபின் வடநாட்டின் தலைநகராக இருந்த சமாரியாவில் 1910இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தினர் தோண்டியபோது, உடைந்த பானை ஓடுகள் கிடைத்தன. ஓடுகளின் மேல் மையால் எழுத்து. எல்லாம் கி.மு. எட்டாம் நூற்றாண்டு வரவுச் சீட்டுகள். இத்தனையாவது ஆண்டு, இந்த இடத்திலிருந்து, இன்னாருக்கு, பழைய திராட்சை ரசம் ஒரு ஜாடி. அல்லது சுத்தம் செய்த எண்ணெய் ஒரு ஜாடி. ஒரு மளிகைக்கடைப் பேரேட்டைப் படிப்பது போலத்தான் இருக்கும், இடப் பெயர்களைப் பார்க்கும்வரை. அபியேசர், ஏலேக், செமீதா என்று பைபிளில் மனாசேயின் வம்சாவளியில் வருகிற பெயர்கள் எல்லாம் இங்கே வட்டாரங்களின் பெயர்களாக இருக்கின்றன. கூடவே இன்னும் இரண்டு பெயர்கள்: நோவாள், ஒக்லாள். காணி கேட்டு நின்ற அதே பெண்கள்! அவர்களுடைய தங்கை திர்சாளின் பெயரில் ஒரு நகரமே இருந்தது. சமாரியாவுக்கு முன்னால் தலைநகரம் அதுதான்.

அந்தப் பெண்கள் உண்மையில் இருந்து, அவர்கள் பெயரை ஊர்கள் பெற்றனவா, இல்லை ஊர்களை மகள்களாக்கிக் கதை சொன்னார்களா? இரண்டாவதுதான் என்பது பல ஆய்வாளர்களின் கட்சி. எப்படியானாலும், நமக்கு வம்சாவளியாகத் தெரிவது அவர்களுக்கு ஊர் வரைபடமாகவும் இருந்தது.

சேர்ந்தும் சேராமலும்

கோத்திரங்கள் எப்போதும் கைகோத்து நின்றன என்று நினைக்க வேண்டாம். நியாயாதிபதிகள் புத்தகத்தின் 5ஆம் அதிகாரத்தில் தெபோராள் பாடிய ஒரு போர்ப்பாட்டு இருக்கிறது. பைபிளின் மிகப் பழைய பகுதிகளில் ஒன்றாக அறிஞர்கள் அதைக் கருதுகிறார்கள். போருக்கு வந்தவர்களைப் புகழ்ந்து, வராதவர்களைக் குத்திக்காட்டுகிற பாட்டு. ரூபன் ஆட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்துவிட்டான், தாண் கப்பல்களோடு தங்கிவிட்டான், ஆசேர் கடற்கரையை விட்டு அசையவில்லை என்கிறது. வேடிக்கை என்னவென்றால், யூதாவின் பெயர் அதில் வரவே இல்லை. வராதவர்கள் பட்டியலில்கூட இல்லை. பிற்காலத்தில் மொத்த இனத்துக்கும் பெயர் கொடுக்கப்போகிற கோத்திரத்தை அந்தப் பாட்டு கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

அதே புத்தகத்தில் இன்னொரு சம்பவம். யோர்தானுக்குக் கிழக்கே இருந்த கீலேயாத்தியருக்கும் எப்பிராயீமருக்கும் சண்டை. தோற்றுப்போன எப்பிராயீமர் ஆற்றைக் கடந்து வீடு திரும்பப் பார்க்கிறார்கள். கீலேயாத்தியர் துறைகளை மறித்துக்கொண்டு, வருகிறவனிடம் நீ எப்பிராயீமனா என்று கேட்பார்கள். இல்லை என்பான். சரி, 'ஷிபோலேத்' என்று சொல் பார்ப்போம் என்பார்கள். கதிர் என்று பொருள்படும் சாதாரணச் சொல். எப்பிராயீம் நாக்குக்கு 'ஷி' வராது; 'சிபோலேத்' என்பான். அங்கேயே வெட்டு. நம் ஊரில் 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லிக் கூட்டாளிகளைக் கிண்டல் செய்கிறோமே, அதே சோதனைதான். அங்கே உயிர் போனது. 42,000 பேர் விழுந்தார்கள் என்று புத்தகம் சொல்கிறது. எண்ணிக்கை இருக்கட்டும். அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொண்டவர்கள் பேச்சு வழக்கை வைத்து ஒருவரையொருவர் அடையாளம் கண்டு வெட்டிக்கொள்ளும் அளவுக்கு வேறாக இருந்திருக்கிறார்கள்.

காணி நிலைக்காத கோத்திரமும் உண்டு. தாணுக்கு முதலில் ஒதுக்கிய இடம் மேற்கே, கடலை ஒட்டி. அங்கே காலூன்ற முடியவில்லை. 600 பேர் ஆயுதத்தோடு கிளம்பி வடக்கே போய், லாயீஸ் என்ற அமைதியான ஊரைப் பிடித்து, அதற்குத் தாண் என்று தங்கள் பெயரை வைத்தார்கள். 'தாண் முதல் பெயெர்செபா வரை' என்று நாட்டின் நீளத்தைச் சொல்லும் வழக்கு அதிலிருந்து வந்தது.

ரூபன் தலைச்சன் பிள்ளை, ஆனால் சீக்கிரமே ஒளி மங்கிப் போனான். பக்கத்திலிருந்த காத் கொஞ்சகாலம் தாக்குப்பிடித்தது. பக்கத்து நாடான மோவாபின் மன்னன் மேசா ஏறக்குறைய கி.மு. 840இல் நிறுத்திய கல்வெட்டு இன்று பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காத் மனிதர் தொன்றுதொட்டு அதரோத் நாட்டில் குடியிருந்தார்கள் என்று அதில் எதிரியே ஒப்புக்கொள்கிறான். அடுத்த வரிகளில் அந்த ஊரைப் பிடித்து ஜனங்களையெல்லாம் கொன்றதாகவும் சொல்லிக்கொள்கிறான்.

கிழிந்த சால்வை

தாவீது, சாலொமோன் காலத்தில் எல்லாரும் ஒரே குடையின்கீழ் இருந்ததாகப் பைபிள் சொல்கிறது. சாலொமோனுக்குப் பிறகு, ஏறக்குறைய கி.மு. 930இல், உடைந்தது. காரணம் வரியும் கட்டாய வேலையும். புது ராஜா ரெகொபெயாமிடம் வடக்கத்தியர் வந்து, உங்கள் அப்பா ஏற்றிய நுகத்தைக் கொஞ்சம் இளக்குங்கள் என்றார்கள். அவனோ இளவட்டங்களின் பேச்சைக் கேட்டு, என் சுண்டுவிரல் என் அப்பாவின் இடுப்பைவிடப் பருமன் என்றான். வடக்கு தனிநாடாகப் போய்விட்டது.

பிரிவதற்கு முன்பே அகியா என்ற தீர்க்கதரிசி, வடக்கின் வருங்கால ராஜா யெரொபெயாமை வழியில் சந்தித்து, தன் புதுச் சால்வையைப் பன்னிரண்டு துண்டாகக் கிழித்து, பத்தை அவன் கையில் கொடுத்தாராம். தாவீதின் வீட்டுக்கு ஒரு கோத்திரம் மிஞ்சும் என்றாராம். பத்தும் ஒன்றும் பதினொன்று. பன்னிரண்டாவது துண்டு எங்கே? உரைகாரர்கள் இதற்கு என்னென்னவோ சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். தெற்கில் யூதாவோடு பென்யமீன் நின்றது. சிமியோனின் காணி யூதாவின் காணிக்கு நடுவிலேயே இருந்ததால் அது யூதாவுக்குள் கரைந்துபோயிருந்தது. லேவியர் இரண்டு பக்கமும் இருந்தார்கள். 'காணாமல் போன பத்துக் கோத்திரங்கள்' என்று இன்று எல்லாரும் சொல்கிற பத்து, அந்தச் சால்வைக் கணக்கிலிருந்து வந்ததுதான். எண்ணிப் பார்த்தால் சரியாகப் பத்து வருவதே கஷ்டம்.

அசீரியா வந்தது

வடநாட்டை முடித்தது அசீரியப் பேரரசு, இன்றைய வட ஈராக்கை மையமாகக் கொண்டது. ஒரே அடியில் முடிக்கவில்லை. கி.மு. 732 வாக்கில் மூன்றாம் திக்லாத்-பிலேசர் கலிலேயாவையும் யோர்தானுக்குக் கிழக்கேயும் பிடித்து ஜனங்களைக் கொண்டுபோனான். நப்தலி, ரூபன், காத், மனாசேயில் பாதி என்று பல கோத்திரங்களின் கதை இதிலேயே முடிந்தது. மிச்சமிருந்த சமாரியாவை ஐந்தாம் சல்மனேசர் முற்றுகையிட்டான். மூன்று வருஷம் தாக்குப்பிடித்து கி.மு. 722 வாக்கில் விழுந்தது. அவனுக்கு அடுத்து வந்த இரண்டாம் சர்கோன், 27,290 பேரைச் சிறைபிடித்தேன் என்று தன் கல்வெட்டில் கணக்கு எழுதி வைத்தான்.

அசீரியர்கள் ஆட்களை இடம் மாற்றியதற்கு ஒரு கணக்கு இருந்தது. சொந்த மண்ணில் இருந்தால் கலகம் செய்வான். பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் அடங்கிப் பயிர் செய்வான். காலியான இடத்தில் இன்னொரு நாட்டுக்காரனைக் கொண்டுவந்து நட்டுவிட்டால் இரண்டு பக்கமும் தலைவலி இல்லை. இஸ்ரவேலரை ஆபோர் நதிக்கரையிலும் மேதியரின் பட்டணங்களிலும் குடிவைத்தார்கள். பாபிலோன், கூத்தா, ஆமாத் ஆகிய ஊர்களின் ஆட்களைச் சமாரியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

போனவர்கள் எல்லாம் சங்கிலியில் கிடந்து செத்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நிம்ருத் நகரில் கிடைத்த அசீரியப் படைப் பட்டியல்களில் சமாரியாத் தேர்ப்படைத் தளபதிகள் 13 பேரின் பெயர்கள் இருக்கின்றன. சிலருடைய பெயரில் 'யாவ்' என்று இஸ்ரவேல் தெய்வத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊரை அழித்தவனுடைய படையிலேயே உத்தியோகம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அசீரியப் பெயர் வைத்துக்கொண்டிருப்பார்கள், அதற்கடுத்த தலைமுறை அரமேயம் பேசியிருக்கும். காணி இல்லை, காணிக்குத் திரும்பும் நம்பிக்கை இல்லை, சேர்ந்து வாழும் ஊரும் இல்லை. இப்படித்தான் 'காணாமல்' போனார்கள். மாயமாக மறையவில்லை, அக்கம்பக்கத்தோடு கலந்துபோனார்கள்.

இன்னொன்று. வடநாட்டு மக்கள்தொகையை அறிஞர்கள் லட்சக்கணக்கில் மதிப்பிடுகிறார்கள். சர்கோனின் 27,290 அதில் ஒரு பகுதிதான். கலிலேயா ஏறக்குறைய வெறிச்சோடியது உண்மை. ஆனால் சமாரியா மலைப்பகுதியில் நிறையப் பேர் ஊரை விட்டு அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம் பேர் தெற்கே எருசலேமுக்கு ஓடினார்கள். எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் எருசலேம் பல மடங்கு பெருத்ததற்கு இந்த அகதிகளும் ஒரு காரணம் என்கிறார்கள். இது வெறும் ஊகமில்லை என்பதற்கு ஒரு சின்ன அடையாளம்: லூக்கா சுவிசேஷத்தில், குழந்தை இயேசுவைக் கோவிலுக்குக் கொண்டுவரும்போது, அன்னாள் என்று ஒரு வயதான விதவை எதிரே வருகிறாள். அவள் ஆசேர் கோத்திரத்தாள் என்று எழுதியிருக்கிறது. காணாமல் போன கோத்திரத்துப் பெண்மணி, எழுநூறு வருஷத்துக்குப் பிறகு, தலைநகரின் கோவிலிலேயே இருக்கிறாள்.

யூதா மட்டும் எப்படித் தப்பியது?

தப்பவில்லை, அதுவும் விழுந்தது. கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேமையும் கோவிலையும் கொளுத்தி, மக்களைக் கொண்டுபோனார்கள். ஆனால் பாபிலோனியரின் வழக்கம் வேறு. ஓர் ஊர்க்காரர்களை ஒரே இடத்தில் குடிவைத்தார்கள். அப்படி ஒரு ஊருக்கு 'யூதா நகர்' என்றே பெயர் இருந்ததும், அங்கிருந்தவர்கள் நிலம் குத்தகைக்கு எடுத்ததும், வரி கட்டியதும், கடன் வாங்கியதும் களிமண் ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. சிறைபட்ட யூதா ராஜா யோயாக்கீனுக்கும் அவருடைய ஐந்து மகன்களுக்கும் அரண்மனையிலிருந்து அளந்துகொடுத்த எண்ணெய்க்குக்கூடச் சீட்டு கிடைத்திருக்கிறது. கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைப் பிடித்து, விருப்பமுள்ளவர்கள் திரும்பலாம் என்றான். இடையில் போனது ஐம்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாட்டிகள் இன்னும் உயிரோடு இருந்தார்கள், ஊர்க்கதை மறக்கவில்லை. வடக்கத்தியருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

இதற்கிடையே யூதா என்ற கோத்திரப் பெயர் மெதுவாக ஒரு மக்களின் பெயராக மாறியிருந்தது. எஸ்தர் புத்தகத்தில் மொர்தெகாய் அறிமுகமாகும்போது, பென்யமீன் கோத்திரத்தானாகிய ஒரு யூதன் என்று வருகிறது. ஒரு கோத்திரத்துக்காரனை இன்னொரு கோத்திரத்தின் பெயரால் அழைக்கிறார்கள், அதில் முரண்பாடு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. யார் எந்தக் கோத்திரம் என்பது போய், எல்லாரும் யூதர் என்று ஆகிவிட்டது. பவுல் தன்னைப் பென்யமீன் கோத்திரத்தான் என்று எழுதுகிறார். முதல் நூற்றாண்டில் அந்த ஞாபகம் சில குடும்பங்களில் இன்னும் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு அதுவும் மங்கிவிட்டது.

ஆறு தாண்டிய கதைகள்

காணாமல் போனவர்களைத் தேடுவது அப்புறம் ஒரு பெரிய பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. பத்துக் கோத்திரங்களும் ஐபிராத்து நதிக்கு அப்பால் எண்ணமுடியாத அளவில் இருக்கிறார்கள் என்று முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதினார். அவர்கள் திரும்பவே மாட்டார்கள் என்றார் யூத மதகுரு ரப்பி அகிபா. வருவார்கள் என்று அவரோடு வாதாடினார் ரப்பி எலியேசர். சம்பத்தியோன் என்றொரு நதிக்கு அப்பால் அவர்கள் அடைபட்டிருப்பதாக ஒரு கதை. ஆறு நாளும் கல்லையும் மணலையும் உருட்டிக்கொண்டு ஓடும் ஆறு ஓய்வுநாளில் மட்டும் அடங்கும். அன்றைக்குக் கடக்கலாமே என்றால், ஓய்வுநாளில் யூதர் பயணம் செய்யக் கூடாது! கதை கட்டியவர் விவரமானவர்.

ஒன்பதாம் நூற்றாண்டில் எல்தாத் என்று ஒருவர், நான் தாண் கோத்திரத்தான் என்று சொல்லிக்கொண்டு வட ஆப்பிரிக்காவில் கைரவான் நகருக்கு வந்து சேர்ந்தார். தாண், நப்தலி, காத், ஆசேர் எல்லாரும் எத்தியோப்பியாவுக்கு அப்பால் தனிநாடாக வாழ்கிறோம் என்றார். கைரவான் யூதர்களுக்கு அவருடைய பூகோளத்தைவிட அவர் சொன்ன ஆடுமாடு அறுக்கும் விதிகள்தான் உறுத்தின. தங்களுடையதிலிருந்து கொஞ்சம் மாறியிருந்தனவே! அது சரியா என்று பாபிலோனில் இருந்த தலைமை அறிஞருக்குக் கடிதம் எழுதினார்கள்.

இன்றைக்கும் உரிமை கோருகிறவர்கள் உண்டு. எத்தியோப்பியாவின் பேட்டா இஸ்ரேல் மக்களைத் தாண் கோத்திரத்தார் என்று 1973இல் இஸ்ரேலின் தலைமை ரப்பி ஒவாதியா யோசெப் ஏற்றுக்கொண்டார். 1991 மே மாதம் 36 மணி நேரத்துக்குள் 14,000க்கும் மேற்பட்டோரை விமானங்களில் ஏற்றி இஸ்ரேலுக்குக் கொண்டுபோனார்கள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கம் பஷ்தூன்களில் யூசுப்சாய் பிரிவினர் தங்களை யோசேப்பு வழி என்று சொல்வதுண்டு. மரபணு ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கவில்லை.

நம் நாட்டிலும் இருக்கிறார்கள். மிசோரம், மணிப்பூரில் உள்ள பினே மனாஷே மக்கள் மனாசே வழி என்கிறார்கள். அவர்களுடைய பழைய பாட்டுகளிலும் வழிபாட்டிலும் மன்மாசி என்று ஒரு மூதாதை பெயர் வரும். அதுவே மனாசே என்பது அவர்கள் நம்பிக்கை. 2005இல் இஸ்ரேலின் செபார்திய (ஸ்பெயின் மரபு யூதர்) தலைமை ரப்பி அவர்களை இஸ்ரவேல் வழியினர் என்று ஏற்றார், ஆனால் முறைப்படி மதம் மாறிய பிறகே முழு யூதர் என்ற நிபந்தனையோடு. ஆயிரக்கணக்கானோர் போய்க் குடியேறிவிட்டார்கள். ஆந்திராவில் குண்டூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் ஒரு சிறு கூட்டம் தங்களை எப்பிராயீமின் மக்கள் என்கிறது. இவை வரலாறா என்று கேட்டால், என் பதில் இல்லை என்பதுதான். ஆனால் ஒரு மக்கள் தங்களுக்கு ஒரு மூதாதையைத் தேர்ந்துகொள்வது அந்த மலைக் கிராமங்களில் மூவாயிரம் வருஷத்துக்கு முன் நடந்த காரியம்தானே!

இவ்வளவு தூரம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிற இடம் ஒன்று, சமாரியாவிலேயே இருக்கிறது. நாப்லுஸ் நகரை ஒட்டிய கெரிசீம் மலையிலும், டெல் அவீவ் பக்கத்தில் ஹோலோன் நகரிலுமாக இன்று 800 பேருக்குச் சற்று மேற்பட்ட சமாரியர்கள் வாழ்கிறார்கள். நல்ல சமாரியன் கதையில் வருகிற அதே சமாரியர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 150 பேர் அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தவர்கள். எருசலேமை ஏற்காமல் கெரிசீமையே புனித மலையாகக் கொண்டவர்கள். பஸ்கா நாளில் இன்றும் அங்கே ஆட்டுக்குட்டிகளைப் பலியிடுகிறார்கள். பைபிளைக் கேட்டால், அசீரியன் கொண்டுவந்து குடிவைத்த வெளியூர்க்காரரின் வழி என்று சொல்லும். அவர்களைக் கேட்டால், நாங்கள் எப்பிராயீமும் மனாசேயும், எங்கள் ஆசாரியர் லேவியர் என்பார்கள். 2004இல் வெளியான ஒரு மரபணு ஆய்வில் அவர்களுடைய தந்தைவழி யூதர்களோடு நெருங்கியதாகத் தெரிந்தது. காணாமல் போனவர்களில் ஒரு சாரார் வீட்டை விட்டுப் போகவே இல்லை போலும்.

நிலமில்லாதவர்

இனி லேவி. யாக்கோபு சாகும் தறுவாயில் சிமியோன், லேவி இரண்டு பேரையும் சேர்த்துச் சபித்தார்: அவர்களைச் சிதறடிப்பேன் என்று. ஒரே சாபம், ஆனால் பலித்த விதம் வேறு. சிமியோனுக்கு யூதாவின் நடுவில் நிலம் கிடைத்தது, கூடவே விழுங்கப்பட்டது. லேவிக்கு நிலமே கிடைக்கவில்லை. அதனால் எந்த ராஜா எந்த ஊரைப் பிடித்தாலும் லேவியிடமிருந்து பறிக்க ஒன்றும் இல்லை. அவர்களுக்கு இருந்தது வேலையும் வம்ச அட்டவணையும். பாபிலோனிலிருந்து திரும்பியபோது, அந்த அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடிக் காணாத சில ஆசாரியக் குடும்பங்களை வேலையிலிருந்து தள்ளிவைத்தார்கள் என்று எஸ்றா புத்தகம் சொல்கிறது. அவ்வளவு கறார்.

அந்தப் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. உலகத்தில் எந்த ஊர் யூத ஜெப ஆலயத்தில் தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்களை வாசித்தாலும் முதலில் அழைப்பது கோஹென், அதாவது லேவிக்குள் ஆரோன் வழி வந்த ஆசாரியக் குடும்பத்தவரை. அடுத்து லேவியர். மூன்றாவதாகத்தான் மற்ற எல்லாரும். அவர்களுக்கு 'இஸ்ரவேல்' என்று ஒரே பெயர். கோஹென் விவாகரத்தான பெண்ணைக் கட்டக் கூடாது, நெருங்கிய உறவினரின் சாவு தவிரக் கல்லறைத் தோட்டத்துக்குள் போகக் கூடாது என்று மரபைக் கடைப்பிடிக்கிறவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். கோஹென், லேவி என்ற குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவை. உலகெங்கும் சிதறிய கோஹென்களிடையே தந்தைவழி மரபணு ஒப்புமை இருப்பதாக 1997இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்து பரபரப்பானது. பிறகு வந்த ஆய்வுகள் பல வழிகள் கலந்திருப்பதையும், கோஹென்களும் லேவியரும் ஒரே தகப்பன்வழி என்று காட்ட முடியாததையும் சொல்லி அதைக் கொஞ்சம் அடக்கின.

யூதர்களின் பழைய கல்லறைத் தோட்டங்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சில கற்களில் இரண்டு கைகள் விரல் விரித்துச் செதுக்கப்பட்டிருக்கும். கோஹென் ஜனங்களை ஆசீர்வதிக்கும் சைகை அது. சில கற்களில் ஒரு செம்பு. ஆசீர்வாதத்துக்கு முன் கோஹெனின் கையில் தண்ணீர் ஊற்றுவது லேவியின் வேலை. பக்கத்தில் வரிசையாக நிற்கிற மற்றக் கற்களில் பெயரும் தேதியும் இருக்கும். ரூபனா, நப்தலியா, யூதாவா என்று எதிலும் எழுதியிருக்காது.